நெல்லில் விழும் கீறல்: கம்பைன் காரணமா, டிரையர் காரணமா?

இளங்கதிர் கேட்டது:

வணக்கம். வேளாண் பொறியியலில் முதுநிலை ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். சூடான காற்றில் நெல் உலர்த்துவதுதான் என் தலைப்பு. டிரையரில் அனுபவம் உள்ளவர்களும், முக்கியமாக அறுவடை இயந்திரத்தில் அனுபவம் உள்ளவர்களும் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கம்பைன் அறுவடை இயந்திரம் அறுத்த நெல்லை அதன் தொட்டியிலிருந்தே எடுத்துவந்தேன். ஓவனில் வைத்துப் பார்த்ததில் ஈரப்பதம் 21 விழுக்காடு, ஈர எடை அடிப்படையில். நன்றாகக் கலந்து நான்கு பங்காக்கினேன். மூன்று பங்கை ஆய்வக டிரையரில் மெல்லிய அடுக்காகப் பரப்பி 45, 55, 65 டிகிரி செல்சியஸ் காற்றில் 13 விழுக்காடு வரும்வரை உலர்த்தினேன். நான்காவது பங்கை ஒப்பீட்டுக்காக நிழலில் பரப்பினேன். டிரையரிலிருந்து இறக்கிய தட்டுகளை மேசையில் ஆறவிட்டு, உடனே கொஞ்சம் நெல்லில் கையால் உமி நீக்கி, விளக்குப் பெட்டியின்மேல் வைத்துக் கீறல் எண்ணினேன். மீதியைச் சில நாள் கழித்து ஆய்வக ஆலையில் அரைத்தேன்.

உலர்தல் வளைகோடுகள் அழகாக வந்தன. நேரத்தோடு ஈரம் குறைவதைக் கணிக்கும் பேஜ் சமன்பாடு மூன்று வெப்பநிலைக்கும் நன்றாகப் பொருந்துகிறது. சிக்கல் அரிசியில்தான். 65 டிகிரியில் நொய் அதிகம் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் நிழலில் உலர்ந்த மாதிரியிலும் கீறல் விழுந்த மணிகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கின்றன. 45-க்கும் 55-க்கும் கீறல் எண்ணிக்கையில் வித்தியாசமே தெரியவில்லை, அரைத்தபோது மட்டும் 55 கூடுதலாக உடைகிறது.

கம்பைன் உருளைதான் மணியை அடித்துக் கெடுத்திருக்கும் என்கிறார் என் நெறியாளர். கம்பைன் ஓட்டியவரோ, சூடு வைத்ததால்தான் உடைகிறது என்கிறார். இருவருமே பல வருடம் இதில் இருப்பவர்கள். எந்தக் கீறல் எதனால் வந்தது என்று பிரித்துக் காட்ட வழி உண்டா? அடுத்த அறுவடையில் சோதனையைத் திரும்பச் செய்யப்போகிறேன். அதற்குள் திட்டத்தை ஒழுங்காக அமைத்துவிட வேண்டும்.

கதிரடி எழுதியது:

கம்பைன் பக்கத்தை நான் சொல்கிறேன். கதிரடிக்கும் உருளைகளோடுதான் என் வேலை முழுவதும்.

முதலில், தொட்டியிலிருந்து எடுத்த நெல்லை இன்னும் வைத்திருந்தால் ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். உமி நீங்கி வெறும் அரிசியாகக் கிடக்கும் மணி எத்தனை? முனை சிதைந்தது, குறுக்கே துண்டானது எத்தனை? உருளை பலமாக அடித்திருந்தால் உமியிலும் அதன் அடையாளம் இருக்கும். உமி முழுசாக, வெளியே காயமே இல்லாமல், உள்ளே மட்டும் நீளவாட்டுக்குக் குறுக்காக நேர்கோட்டில் கீறல் இருந்தால் நான் உருளையைச் சந்தேகிக்கமாட்டேன். அந்த மாதிரிக் கீறல் பெரும்பாலும் ஈரமும் சூடும் மாறுவதால் வருவது.

அப்புறம் உருளையின் வேகம் என்ன என்று கேட்டுக் குறித்தீர்களா? சுற்று எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது, விட்டமும் வேண்டும். மணியில் மோதுவது பல்லின் நுனி. முள் பல் உருளைக்கு நுனி வேகம் வினாடிக்கு 12 முதல் 16 மீட்டர் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு. அரை மீட்டர் விட்டமுள்ள உருளையில் 14 மீட்டர் வேண்டுமென்றால் நிமிடத்துக்குச் சுமார் 535 சுற்று. அதையே 18-க்கு ஏற்றினால் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் போகும், அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். பயிர் ஈரமாக இருந்தாலும் களை அதிகம் இருந்தாலும் ஓட்டுநர் வேகத்தைக் கூட்டித்தான் ஓட்டுவார். கதிரில் மணி தங்கிவிடக் கூடாது என்பது அவர் கவலை, அது நியாயமான கவலையும்கூட.

பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. இயந்திரத்துக்குள் வைக்கோல் குறைவாகப் போனாலும் மணி அடிபடும். உருளைக்கும் அதைச் சுற்றி வளைந்திருக்கும் கம்பிச் சல்லடையான கான்கேவுக்கும் நடுவில் வைக்கோல் அடர்த்தியாக இருந்தால் மணிமேல் அடி நேராக விழாது. வயலின் ஓரத்தில் அரை அகலத்துக்கு அறுக்கும்போது எடுத்த மாதிரியும், நடுவில் முழு அகலத்துக்கு அறுக்கும்போது எடுத்த மாதிரியும் ஒன்றல்ல. உங்கள் மாதிரி எங்கே எடுத்தது என்று நீங்கள் எழுதவில்லை. கதிரோடு திரும்பிவந்து இரண்டாம் முறை அடிபடும் மணிகளும், பாதி நிரம்பிய ஆகரில், அதாவது நெல்லை ஏற்றும் திருகுக் குழாயில், உரசிக்கொண்டு ஏறும் மணிகளும் இதே கணக்கில் சேரும்.

உலர்கூடம் எழுதியது:

கதிரடி சொன்னது சரி. நெறியாளர், ஓட்டுநர் இரண்டு பேரும் விட்டுவிட்ட மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அது வயல். நீங்கள் இதை முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

21 விழுக்காடு என்று நீங்கள் எழுதியது சராசரி. ஒரே கதிரில் நுனி மணி முந்தி முற்றும், அடி மணி பிந்தி முற்றும். தனித்தனி மணியாக ஈரம் அளந்தால், சராசரி 21 உள்ள நெல்லில் 15-க்குக் கீழே இறங்கியவையும் இருக்கும், 30-ஐ ஒட்டியவையும் இருக்கும். காய்ந்த மணிக்கு ஆபத்து காய்வதில் இல்லை, காய்ந்தபின் நனைவதில். ஒரு குறிப்பிட்ட ஈரத்துக்குக் கீழே இறங்கிவிட்ட மணி இரவுப் பனியையோ தூறலையோ உறிஞ்சினால் அதன் மேற்பரப்பு விரியும், உள்பகுதி விரியாது. உள்பகுதி இழுபட்டு நடுவில் குறுக்காக வெடிக்கும். அந்த எல்லை ரகத்துக்கு ரகம் மாறும், பொதுவாக 12-லிருந்து 16 விழுக்காடு வரை. ஆகவே கம்பைன் வயலில் இறங்கும் முன்பே சில மணிகளில் கீறல் விழுந்திருக்கலாம். அறுத்த பிறகும் இது நிற்காது. ஈர மணியும் காய்ந்த மணியும் தொட்டியில் ஒன்றாகக் கிடந்தால், காய்ந்தது பக்கத்து மணியிலிருந்து ஈரம் உறிஞ்சும். அங்கேயும் இதே கதைதான்.

உங்கள் நிழல் மாதிரியின் கீறல்களுக்கு இதுதான் முக்கியக் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அதை நிரூபிக்க உங்களிடம் மாதிரி இல்லை. கம்பைன் இறங்குவதற்குச் சற்று முன்னால், அதே பாத்தியில் கையால் கதிர் அறுத்து, கையாலேயே மணி உருவி, அதையும் நிழலில் உலர்த்தியிருந்தால் வயலின் பங்கு தெரிந்திருக்கும். தொட்டி மாதிரியில் உள்ள கீறலிலிருந்து அதைக் கழித்தால் கம்பைனின் பங்கு. டிரையர் மாதிரியிலிருந்து தொட்டி மாதிரியைக் கழித்தால் டிரையரின் பங்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு மாதிரி, எல்லாமே ஒரே இறுதி ஈரத்துக்கு வந்திருக்க வேண்டும். இதைத் தவிரக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது டிரையருக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது "உடனே" என்ற சொல். டிரையருக்குள் இருக்கும்போது நெல் பெரும்பாலும் வெடிப்பதில்லை. வெளியே எடுத்த பிறகுதான் வெடிக்கிறது. டெக்சாஸில் கன்சே 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உலர்த்தி முடித்த பின் வரும் முதல் ஒன்றிரண்டு நாளில்தான் கீறல்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. நீங்கள் கீறல் எண்ணியபோது 55 டிகிரி மணிகள் பல இன்னும் வெடித்திருக்காது. அரைத்தபோது வெடித்து முடித்திருந்தன. 45-க்கும் 55-க்கும் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லாமல் ஆலையில் மட்டும் வித்தியாசம் வந்ததற்கு இது பொருந்துகிறது.

ஏன் பிந்தி வெடிக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு உங்கள் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மணியின் மேற்பரப்பு சீக்கிரம் காய்கிறது, உள்ளிருந்து ஈரம் மெதுவாகத்தான் வெளியே வருகிறது. உலர்த்தலை நிறுத்தும் நேரத்தில் மேலே மிகவும் காய்ந்தும் நடுவில் ஈரமாகவும் இருக்கிறது. சராசரி 13 என்று மீட்டர் காட்டும், ஆனால் 13-இல் இருப்பது இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான். வெளியே எடுத்ததும் நடுவில் உள்ள ஈரம் மேற்பரப்பை நோக்கி நகரும். மேற்பரப்பு ஈரம் வாங்கி விரியப் பார்க்கும், நடுப்பகுதி ஈரம் இழந்து சுருங்கப் பார்க்கும். ஒன்றையொன்று எதிர் எதிரே இழுக்கின்றன. வயலில் பனி செய்த வேலையை இங்கே மணியின் சொந்த ஈரமே செய்கிறது.

இதன்மேல் சூடும் சேர்கிறது. மணியில் உள்ள மாவுச்சத்து ஒரு வெப்பநிலைக்கு மேல் ரப்பர் போல இளகிய நிலையிலும், அதற்குக் கீழே கண்ணாடி போல இறுகிய நிலையிலும் இருக்கும். அந்த மாற்ற வெப்பநிலை ஈரத்தைப் பொறுத்தது. ஈரம் கூடினால் அது இறங்கும், ஈரம் குறைந்தால் ஏறும். சூடான மணியை நேராக மேசையில் கொட்டி ஆறவிட்டால், காய்ந்த மேற்பரப்பு முதலில் கண்ணாடி நிலைக்குப் போய்விடும். ஈரமான நடுப்பகுதி இன்னும் ரப்பர் நிலையில் இருக்கும். இரண்டு நிலையிலும் சுருங்கும் அளவு வேறு வேறு. அந்த வேறுபாட்டை மணி தாங்காது. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் சீபன்மார்கன் குழுவினர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் நெல்லுக்கு இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். அதற்கு முன்பும் சூடான நெல்லை மூடி வைக்கும் டெம்பரிங் வழக்கம் இருந்தது. எந்தச் சூட்டில் மூடி வைக்க வேண்டும், ஏன் அந்தச் சூடு என்பதற்குக் காரணத்தோடு பதில் கிடைத்தது இதற்குப் பிறகுதான். உலர்த்திய அதே சூட்டில், ஈரம் வெளியே போகாமல் மூடி வைத்தால், மணி ரப்பர் நிலையில் இருக்கும்போதே உள் ஈரமும் வெளி ஈரமும் சமனாகிவிடும். பிறகு ஆறும்போது மணி முழுவதும் ஒரே நேரத்தில் இறுகும்.

எவ்வளவு நேரம் மூடி வைப்பது? ஒரு எளிய கணக்குப் போடலாம். மணியின் பாதித் தடிமன் சுமார் 1 மில்லிமீட்டர். இந்தச் சூட்டில் மணிக்குள் ஈரம் பரவும் கெழுவைத் தோராயமாக வினாடிக்கு 10⁻¹⁰ சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தடிமனின் வர்க்கத்தைக் கெழுவால் வகுத்தால் 10,000 வினாடி, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. துல்லியமான விடை அல்ல, ஆனால் நிமிடக் கணக்கா மணிக் கணக்கா என்பதைச் சொல்லிவிடும். 45 டிகிரியில் கெழு குறைவு, நேரம் கூடும்.

21-லிருந்து 13-க்கு ஒரே மூச்சில் இறக்கியதும் கடுமைதான். ஒரு சுற்றில் ஈரத்தை 2 அல்லது 3 விழுக்காட்டுப் புள்ளி இறக்கி, மூடி வைத்து, மறுபடி உலர்த்துவதுதான் பெரிய டிரையர்களில் செய்யும் முறை. இன்னொன்று, உங்கள் அறிக்கையில் காற்றின் வெப்பநிலை மட்டும் இருக்கிறது. ஒப்பு ஈரப்பதத்தையும் எழுதுங்கள். 30 டிகிரி, 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் உள்ள காற்றை 45-க்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 35 ஆகும். அதே காற்றை 65-க்கு ஏற்றினால் சுமார் 14. மணியின் மேற்பரப்பை எவ்வளவு தூரம் காயவைக்கிறோம் என்பதை இந்த ஒப்பு ஈரப்பத எண்தான் தீர்மானிக்கிறது. மழைக்காலத்தில் ஒருவரும் வெயில் காலத்தில் ஒருவரும் 55 டிகிரியில் செய்த சோதனைகளை ஒப்பிட முடியாமல் போவதும் இதனால்தான். இந்த ஒரு எண்ணை எழுதாமல் விட்ட எத்தனையோ நல்ல உழைப்பு யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. வருத்தமான விஷயம் அது.

எண்ணிக்கை எழுதியது:

சுருக்கமாக ஒன்று. எத்தனை மணி எண்ணினீர்கள்? 200 மணி எண்ணி 20 விழுக்காடு கீறல் என்றால் அதன் திட்டப்பிழை கிட்டத்தட்ட 2.8 புள்ளி. உண்மையான அளவு 14-இலும் இருக்கலாம், 25-இலும் இருக்கலாம். ஒரு மாதிரியில் 20, மற்றொன்றில் 25 வந்தால் அதை வித்தியாசம் என்று சொல்லவே முடியாது. 45-க்கும் 55-க்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றீர்களே, அதில் பாதி இதுவாகவும் இருக்கலாம். மூன்று படி மாதிரிகளைக் கழித்துப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் பிழையும் சேர்ந்து பெருகும். மணிகளை 800 ஆக்கினால் பிழை பாதியாகும். ஆனால் ஒரே பையிலிருந்து 800 எடுப்பதைவிட, வயலில் நான்கு இடத்தில் தனித்தனியாக எடுத்து இடத்துக்கு 200 எண்ணுங்கள். இடத்துக்கு இடம் உள்ள மாறுபாடு அப்போதுதான் கணக்குக்குள் வரும்.

எந்தத் தட்டு எந்த மாதிரி என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. 65 டிகிரி என்று தெரிந்தால் கண் தானாகவே கீறலைத் தேடும்.

இளங்கதிர் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தொட்டி நெல் கொஞ்சம் மிச்சம் இருந்தது, தாளில் கொட்டிப் பார்த்தேன். உமி நீங்கிய மணி அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருக்கிறது. உமியோடு உள்ளவற்றை உரித்துப் பார்த்தால் கீறல்கள் குறுக்குவாட்டில்தான். உருளையின் விட்டமும் சுற்றும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

அடுத்த முறைக்கு இப்படி நினைத்திருக்கிறேன். வயலில் நான்கு இடம். ஒவ்வொன்றிலும் கையால் உருவிய மாதிரி, தொட்டி மாதிரி. தொட்டி நெல்லை ஒவ்வொரு வெப்பநிலையிலும் டெம்பரிங்கோடு ஒரு பங்கு, இல்லாமல் ஒரு பங்கு. எல்லாவற்றையும் மூடிய பையில் இரண்டு நாள் வைத்தபின் கீறல் எண்ணி, அன்றே அரைப்பது.

உலர்கூடம் ஐயா, இரண்டு சந்தேகம். பேஜ் சமன்பாட்டுக்கு இனி என் ஆய்வேட்டில் இடம் உண்டா? ஒரு அத்தியாயமே அதற்காக எழுதிவிட்டேன். இன்னொன்று, ஆய்வகத்தில் டெம்பரிங் எப்படிச் செய்வது? தனிக் கருவி எதுவும் என்னிடம் இல்லை.

உலர்கூடம் எழுதியது:

அத்தியாயத்தை எடுக்க வேண்டாம். 1949-இல் பேஜ் அதைப் பர்டூ பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளத்துக்காக எழுதினார், இன்றும் ஓர் அடுக்கு நெல் எவ்வளவு நேரத்தில் காயும் என்று கணிக்க அது நன்றாகவே உதவுகிறது. நெல்லை ஆழமாகக் குவித்து உலர்த்தும் படுக்கையைக் கணக்கிடும்போது ஒவ்வொரு மெல்லிய அடுக்குக்கும் இப்படி ஒரு சமன்பாடு தேவை. ஆனால் அது பார்ப்பது மணியின் சராசரி ஈரத்தை மட்டும். கீறல் வருவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டால். சராசரி வளைகோடு எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும் அந்த வேறுபாடு அதில் தெரியாது. அத்தியாயத்தின் முடிவில் இதை நேராக எழுதிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் மணிக்குள் ஈரப் பரவலைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். மணியை நீள்உருளை வடிவமாக எடுத்துக்கொண்டாலே போதும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் உலர்த்தல் முடியும் கணத்தில் நடுவுக்கும் மேற்பரப்புக்கும் எத்தனை புள்ளி வித்தியாசம் என்று வரைந்து, பக்கத்தில் கீறல் விழுக்காட்டை வையுங்கள். உங்கள் ஆய்வின் மையப் படம் அதுதான்.

திட்டம் நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும். அரைக்கும்போது எல்லா மாதிரியின் ஈரமும் ஒன்றாக இருக்கிறதா என்று அரைக்கும் முன் திரும்ப அளங்கள். ஆலையில் தவிடு நீக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கூடுதலாகத் தீட்டினால் கீறல் இல்லாத நெல்லிலும் நொய் ஏறும், அப்புறம் அந்தப் பழியும் டிரையர்மேல் விழும்.

டெம்பரிங்குக்குக் கருவி வேண்டாம். திருகு மூடி உள்ள கண்ணாடிக் குடுவைகளை உலர்த்தும் வெப்பநிலைக்கே ஓவனில் முன்கூட்டிச் சூடாக்கி வையுங்கள். தட்டிலிருந்து நெல்லை நேரே அதில் கொட்டுங்கள், இடையில் மேசைக்குப் போகக் கூடாது. குடுவையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்புங்கள், உள்ளே வெற்றிடம் அதிகம் இருந்தால் நெல்லின் ஈரம் அந்தக் காற்றுக்குப் போகும். இறுக மூடி, எடை பார்த்து, ஓவனில் திரும்ப வையுங்கள். எடுக்கும்போது எடை குறைந்திருந்தால் மூடி கசிந்திருக்கிறது, அந்தக் குடுவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இடைச் சுற்று என்றால் சூட்டோடு அடுத்த உலர்த்தலுக்குக் கொண்டுபோங்கள். கடைசிச் சுற்று என்றால் மூடியைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள்.

நேரத்தை ஒரே அளவாக வைக்காமல் 1, 2, 4 மணி நேரம் என்று மூன்று அளவில் செய்ய முடிந்தால் செய்யுங்கள். 65-க்குப் போதுமான நேரம் 45-க்குப் போதாமல் இருக்கலாம். குடுவைகள் போதவில்லை என்றால் 55 டிகிரியை விட்டுவிட்டு இரண்டு ஓரங்களை மட்டும் முழுமையாகச் செய்யுங்கள்.